ரேஸ் டிரைவராக வேண்டுமா? கார்ட்டில் உட்காருவது முதல் சம்பளத்துக்கு ஓட்டுவது வரை

ரேஸ் டிரைவராக என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மனதில் இருப்பது ஃபார்முலா ஒன்தான். அதில் தப்பில்லை, நானும் அந்தக் கனவோடுதான் ஆரம்பித்தேன். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 2026ல் கேடிலாக் அணி வந்து சேர்ந்ததோடு 11 அணிகள், அணிக்கு 2 பேர், மொத்தம் 22 இடம். அதில் எந்த வருஷமும் காலியாவது சில இடங்கள்தான், சில வருஷம் அதுவும் கிடையாது. இன்னொரு பக்கம், லெ மான் 24 மணி நேர ரேஸில் மட்டும் சுமார் 60 கார்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றிலும் 3 டிரைவர்கள். இது போக ஜிடி (சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரை ரேஸுக்கு மாற்றியது), டூரிங் கார், ராலி, இண்டிகார், நாஸ்கார், ஃபார்முலா ஈ என்று எத்தனையோ இருக்கிறது. கார் ஓட்டியே குடும்பம் நடத்துகிறவர்களில் பெரும்பாலானோர் டிவியில் நாம் பெயர் கேட்காதவர்கள்தான். நான் இங்கே எழுதுவது அப்படி ஒருவராக ஆவதற்கு. அந்தப் பாதையில் போகும்போது ஃபார்முலா ஒன் கதவும் திறந்தால் ரொம்ப நல்லது.

முதலில் வாடகை கார்ட், அதாவது கூரையில்லாத குட்டி ரேஸ் வண்டி. உடனே சொந்தக் கார்ட் வாங்க ஓடாதீர்கள். ஒரே டிராக்கில் பத்து தடவையாவது வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். அங்கே கூட ஓடுகிறவரை முந்துவதில் கவனம் வைக்க வேண்டாம், ஒரு லேப், அதாவது டிராக்கை ஒரு சுற்று சுற்ற எவ்வளவு நேரம் ஆனது என்ற லேப் டைம் சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். தொடர்ந்து பத்து லேப் ஓட்டி, அதில் வேகமான லேப்புக்கும் மெதுவான லேப்புக்கும் வித்தியாசம் 0.3 நொடிக்குள் இருந்தால் உங்களிடம் ஏதோ இருக்கிறது என்று நான் சொல்வேன். ஒரே ஒரு லேப் பிரமாதமாக அடித்துவிட்டு மற்ற ஒன்பதில் ஒன்றரை நொடி அலைபாய்கிற பையனை விட, கொஞ்சம் மெதுவாக ஆனால் ஒரே மாதிரி ஓட்டுகிற பிள்ளையைச் சீக்கிரம் வேகமாக்கிவிடலாம். எங்கே என்ன செய்தோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், அதைத் தெரிந்தே மாற்றவும் முடியும்.

வயசு பற்றி எல்லோரும் பயப்படுவார்கள். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் நாலரை வயசில் ஆரம்பித்தார், லூயிஸ் ஹாமில்டன் எட்டு வயசில், அதெல்லாம் உண்மைதான், ஃபார்முலா ஒன் என்றால் பத்து வயசுக்குள் கார்ட்டில் இருப்பது கிட்டத்தட்ட கட்டாயம் ஆகிவிட்டது. ஆனால் டேமன் ஹில் முதலில் பைக் ரேஸ் ஓட்டியவர், ஃபார்முலா ஒன்னுக்கு வரும்போது 31 வயசு, 1996ல் சாம்பியன். யான் மார்டன்பரோ 2011ல் வீடியோ கேம் போட்டியில் ஜெயித்து, அந்தப் பரிசாகக் கிடைத்த பயிற்சியோடு நிஜக் காரில் ஏறினார், 2013ல் லெ மான் ஓட்டிவிட்டார். இருபது வயசில் ஆரம்பிக்கிறவர் ஜிடி கார் பக்கமோ ராலி பக்கமோ பார்வையை வைத்துக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது.

சொந்தக் கார்ட் வாங்கும் கட்டம் வந்தால் பழையது போதும், ஆனால் அந்த டிராக்கில் அதிகம் பேர் ஓட்டுகிற வகுப்பாகப் பார்த்து வாங்குங்கள், அப்போதுதான் உதிரிப்பாகமும் கிடைக்கும், ஒப்பிட்டுப் பார்க்க ஆளும் கிடைக்கும். கார்ட்டைப் பற்றி ஒரு விஷயம் கட்டாயம் புரிந்திருக்க வேண்டும். அதற்கு சஸ்பென்ஷன் கிடையாது, வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியலும் கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியிருக்கும், அதனால் வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு ஒரு நூல் எழும்பினால்தான் வண்டி திரும்பும். எழும்பாவிட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டி இன்ஜினை இழுத்துப் பிடிக்கும், அந்தச் சத்தம் இறங்குவது காதிலேயே கேட்கும். ஃபிரேம் முறுக்கிக்கொடுப்பதுதான் அங்கே சஸ்பென்ஷன், நீங்கள் உட்காரும் சீட்டும் அதில் ஒரு பாகம். அதனால் சீட் அளவு சரியாக இருக்க வேண்டும். என் இரண்டாவது சீசனில் இரவல் வாங்கிய சீட் ஒரு அளவு பெரிது, விலா எலும்புக் கவசமும் போடாமல் இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டினேன், மூன்றாம் நாள் காலையில் மூச்சு இழுத்தால் வலது பக்கம் குத்தியது, படம் எடுத்துப் பார்த்தால் விலாவில் கீறல் விட்டிருந்தது. ஆறு வாரம் போயிற்று. ஹெல்மெட், கழுத்துப் பட்டை, கையுறை எல்லாவற்றையும் எல்லோரும் சொல்வார்கள், இந்தக் கவசத்தை மட்டும் புதிதாக வருகிறவர்களுக்குப் பல பேர் சொல்வதில்லை. போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஓட்டுவதற்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

புதிதாக வருகிற எல்லோரும் கேட்பது “எங்கே பிரேக் பிடிக்கணும்?” என்றுதான். அது ஒரு நாளில் பிடிபட்டுவிடும். வருஷக்கணக்கில் வேலை வாங்குவது பிரேக்கை எப்படி விடுவது என்பதுதான். மூன்று முறை உலகச் சாம்பியனான ஜாக்கி ஸ்டூவர்ட் எப்போதும் வலியுறுத்துகிற விஷயம் இது. பிரேக் அழுத்தியதும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, முன் டயர்கள் தரையோடு அழுந்துகின்றன, அந்த அழுத்தம் இருக்கும் வரைதான் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்கும். அந்த நேரத்தில் காலைப் படாரென்று எடுத்தால் மூக்கு நிமிரும், முன் டயரின் பிடிப்பு போகும், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகத் தள்ளிக்கொண்டு போகும், இதுதான் அண்டர்ஸ்டியர். விடாமல் அழுத்திக்கொண்டே திருப்பினால் பின்பக்கம் லேசாகி வால் வெளியே வீசும், அது ஓவர்ஸ்டியர். இரண்டுக்கும் நடுவில், ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப அதே அளவுக்குக் காலைத் தளர்த்திக்கொண்டே வந்து, வளைவின் உள்முனையை, அதாவது அபெக்ஸை, நெருங்கும்போது பெடலில் காலின் எடை மட்டும் மிச்சம் இருப்பது போல விட வேண்டும். டயருக்கு மொத்தமாக இருப்பது ஒரு அளவுப் பிடிப்புதான், அதை பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிறோம், ஒன்றில் குறைத்தால்தான் இன்னொன்றுக்குக் கொடுக்க முடியும்.

இதைப் பழக ஒரு வழி. டிராக்கில் ஒரே ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் நீளமான நேர்ப்பாதை இருக்கட்டும். பிரேக் பிடிக்கும் இடத்தை மாற்றாதீர்கள், அழுத்தத்தையும் மாற்றாதீர்கள். ஐந்து லேப் விடும் வேகத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதல் லேப் வேண்டுமென்றே சீக்கிரம் விடுங்கள், அப்புறம் ஒவ்வொரு லேப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாக. வண்டியின் மூக்கு எந்த இடத்தில் “நான் வருகிறேன்” என்று உள்ளே திரும்புகிறது என்பதை இடுப்பில் உணர்வீர்கள், கண்ணுக்கு முன்னால் இடுப்புக்குத்தான் அது தெரியும். வீட்டில் சிமுலேட்டர் இருந்தால் லோட் செல் பெடல் வாங்குங்கள், அதாவது எவ்வளவு தூரம் மிதித்தோம் என்பதை விட்டு எவ்வளவு பலமாக மிதித்தோம் என்பதை அளக்கிற பெடல். மற்ற அலங்காரம் எல்லாம் அப்புறம் வாங்கலாம். பொது சாலையில் மட்டும் இதில் எதையும் முயற்சி செய்யாதீர்கள், இதை நான் தயவுசெய்து என்று கேட்டுக்கொள்கிறேன்.

கண் எங்கே பார்க்கிறது என்பதும் முக்கியம். பிரேக் பிடிக்கும்போதே கண் அபெக்ஸில், அபெக்ஸ் வருவதற்கு முன்பே கண் வெளியேறும் இடத்தில். மழையில் லைன், அதாவது வளைவில் வண்டியை ஓட்டிப்போகும் தடம், மாறும், காய்ந்த தரையில் ரப்பர் படிந்து பிடிப்பு கொடுத்த அதே லைன் மழையில் வழுக்கும், அதனால் அதை விட்டு வெளியே போய்ப் பிடிப்பைத் தேட வேண்டும். அயர்டன் சென்னா சிறுவயதில் மழையில் ஒரு கார்ட் ரேஸில் சொதப்பியதால், அதற்குப் பிறகு மழை வரும்போதெல்லாம் கார்ட்டை எடுத்துக்கொண்டு டிராக்குக்குப் போனார். மழை பெய்தால் பிராக்டிஸை ரத்து செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தான் எங்கேயும் அதிகம், நீங்கள் இருந்து ஓட்டுங்கள்.

டிராக்கை நடந்து பாருங்கள். 1991ல் ஸ்பா டிராக்கில் முதல் ஃபார்முலா ஒன் ரேஸுக்கு வந்த மைக்கேல் ஷூமாக்கர் அதற்கு முன்னால் அங்கே ரேஸ் ஓட்டியதில்லை, கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர் டிராக்கை ஒரு மடக்கு சைக்கிளில் சுற்றிப் பார்த்துவிட்டு, தகுதிச் சுற்றில் 7ஆம் இடம் பிடித்தார். ரேஸில் முதல் லேப்பிலேயே கிளட்ச் போய்விட்டது, ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள், அடுத்த ரேஸுக்கே வேறு அணி அவரைத் தூக்கிக்கொண்டது. அதற்கு முன் அவர் மெர்சிடிஸுக்காக ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதையும் கவனியுங்கள், எல்லோரும் ஒரே ஏணியில் ஏறுவதில்லை.

அடுத்தது பேசத் தெரிவது. இதை யாரும் பயிற்சியாக நினைப்பதில்லை, எனக்கு அது வருத்தம். நான் இப்போது பயிற்சி கொடுக்கிற ஒரு பையன், பதின்மூன்று வயசு, வண்டியை நிறுத்திவிட்டு வந்து “கார்ட் சரியில்லை அண்ணா” என்றான். எந்த வளைவில் என்று கேட்டேன். எல்லாவற்றிலும் என்றான். உட்கார வைத்து டிராக் வரைபடத்தைக் கொடுத்து, ஒவ்வொரு வளைவையும் மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன்: உள்ளே போகும்போது, நடுவில், வெளியே வரும்போது. கால் மணி நேரம் யோசித்துவிட்டு, “மூணாவது வளைவும் ஏழாவது வளைவும்தான், ரெண்டுமே நீள வளைவு, உள்ளே நல்லாப் போகுது, கேஸ் கொடுத்த பிறகுதான் முன்பக்கம் தள்ளுது, அதுவும் அஞ்சாவது லேப்புக்கு அப்புறம்தான்” என்றான். இவ்வளவு போதும். ஐந்தாவது லேப் என்றால் டயர் சூடேறி அழுத்தம் கூடிய பிறகு வருகிற சிக்கல். வண்டி உள்ளே வந்ததும் சூடாக இருக்கும்போதே காற்றழுத்தத்தை அளந்தோம், முன் டயர்கள் நினைத்ததை விட அதிகமாக ஏறியிருந்தன. இறக்கிவிட்டு அனுப்பினோம். பெரிய அணிகளில் இன்ஜினியர் எதிர்பார்ப்பதும் இதைத்தான், இன்னும் நுணுக்கமாக. என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள், எதை மாற்ற வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் செய்த தப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள், வண்டியில் பதிவாகும் டேட்டாவில் எப்படியும் தெரிந்துவிடும், முன்னாலேயே சொல்கிற டிரைவரின் மற்ற வார்த்தைகளையும் இன்ஜினியர் நம்புவார்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, வெயில், டயர் எத்தனை லேப் ஓடியது, காற்றழுத்தம், என்ன மாற்றினோம், என்ன உணர்ந்தோம். ஆறு மாதம் கழித்து அதே டிராக்குக்குப் போகும்போது அந்த நோட்டு அரை நாளை மிச்சம் பண்ணும்.

உடம்பு. தலை ஏறக்குறைய 5 கிலோ, ஹெல்மெட் ஒன்றரை கிலோ என்று வையுங்கள், ஃபார்முலா ஒன் காரில் வேகமான வளைவில் 5ஜி விசை, அதாவது எடை ஐந்து மடங்கான மாதிரி ஒரு விசை, வந்தால் கழுத்து தாங்க வேண்டியது 30 கிலோவுக்கு மேல், அதுவும் ஒரு லேப்பில் பல முறை, ஒன்றரை மணி நேரம். அதனால் கழுத்துப் பயிற்சியை மெதுவாக, ரப்பர் பட்டையில் ஆரம்பித்து மாதக்கணக்கில் ஏற்றுங்கள், எடையைக் கட்டித் தொங்கவிடுகிற வேலையை ஆள் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். பிரேக் பெடலுக்கும் 100 கிலோவுக்கு மேல் அழுத்தம் தேவைப்படும், எனவே இடது காலும் இடுப்பும். அப்புறம் வெப்பம். 2023 கத்தார் ரேஸில் லோகன் சார்ஜென்ட் உடம்பு முடியாமல் பாதியில் நிறுத்தினார், எஸ்டபான் ஓகான் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டினார், இவர்கள் எல்லாம் உலகத்திலேயே நன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். ஓடுவது, சைக்கிள், வெயிலில் பழகுவது, முந்தின நாளே தண்ணீர் குடிக்க ஆரம்பிப்பது, இதெல்லாம் சீசன் முழுக்க. பட்டினி கிடந்து எடை குறைக்கும் பழக்கம் முன்பு நிறைய இருந்தது. 2019ல் டிரைவருக்கும் சீட்டுக்கும் சேர்த்துக் குறைந்தபட்சம் 80 கிலோ என்று விதி வந்த பிறகு ஃபார்முலா ஒன்னில் உயரமானவர்களுக்கு மூச்சு வந்தது. வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்.

ஏணி எப்படி என்றால்: கார்ட், அப்புறம் 15 வயசில் ஃபார்முலா 4, பிறகு ஃபார்முலா ரீஜனல், ஃபார்முலா 3, ஃபார்முலா 2. பெண்களுக்கு 2023 முதல் எஃப்1 அகாடமி என்று ஒரு தொடர் ஃபார்முலா 4 அளவு காரில் நடக்கிறது. ஃபார்முலா ஒன்னுக்கு சூப்பர் லைசென்ஸ் வேண்டும், பொதுவாக 18 வயசு ஆகியிருக்க வேண்டும், மூன்று சீசனில் 40 புள்ளி சேர்த்திருக்க வேண்டும், ஃபார்முலா 2வில் முதல் மூன்று இடங்களில் ஒன்று பிடித்தால் ஒரே சீசனில் அந்த 40 வந்துவிடும். 2015ல் வெர்ஸ்டாப்பன் 17 வயசில் ஓட்டிய பிறகுதான் இந்த வயசு விதியே வந்தது.

ஏணியில் ஃபார்முலா 3, 2 வரை போய்ப் பணம் தீர்ந்து நிற்பவர்கள் நிறைய. அவர்களுக்காகவே சொல்கிறேன், ஜிடி உலகம் எப்படி இயங்குகிறது என்று சீக்கிரமே படித்துவிடுங்கள். அங்கே டிரைவர்களை பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று நான்காக, உலக மோட்டார் ரேஸ்களை நிர்வகிக்கும் எஃப்ஐஏ பிரிக்கிறது. பிரான்ஸ் என்றால் பெரும்பாலும் வேறு தொழிலில் சம்பாதித்து ஆசைக்காக ரேஸ் ஓட்டுகிறவர். பல மணி நேரம் ஓடும் ரேஸ்களைக் கொண்ட உலக எண்டூரன்ஸ் தொடரில், ஜிடி கார்களுக்கான எல்எம்ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கல டிரைவர் கட்டாயம். பல கார்களில் செலவைச் சுமப்பவரே அவர்தான். அவர் கூட ஓட்ட, அவரை வேகமாக்க, பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு தொழில்முறை டிரைவர் வேண்டும், அந்த டிரைவருக்குத்தான் சம்பளம். அந்தப் பதின்மூன்று வயசுப் பையனுக்கு நான் கொடுத்த வரைபடப் பயிற்சி இங்கேதான் சோறு போடும், தன் வேகத்தை இன்னொருவருக்கு விளக்கத் தெரிந்த டிரைவரை அதே ஆள் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். ஃபார்முலா 4ல் நல்ல அணியில் ஒரு சீசன் ஓட்டும் செலவில் ஒரு குடும்பம் வீடு வாங்கிவிடலாம், மேலே போகப் போக அது பல மடங்கு. நிக்கி லாடா வங்கிக் கடன் வாங்கித்தான் அணியில் இடம் பிடித்தார், பிறகு மூன்று முறை சாம்பியன் ஆனார், ஆனால் அப்படிக் கடன் வாங்கித் திருப்ப முடியாமல் போனவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. வீட்டை அடகு வைக்காதீர்கள். எவ்வளவு வரை செலவு செய்யலாம், எந்த வருஷத்தில் நிறுத்துவோம் என்று குடும்பமாக உட்கார்ந்து முதலிலேயே காகிதத்தில் எழுதுங்கள். ஸ்பான்சரிடம் போகும்போது “என் கனவுக்கு உதவுங்கள்” என்று போகாதீர்கள், அவர்களுடைய வாடிக்கையாளரை ரேஸுக்கு அழைத்து வருவது, ஊழியர்களுக்கு ஒரு கார்ட்டிங் நாள் நடத்துவது என்று அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும், மோசமாக முடிந்தாலும், நாலு வரியும் இரண்டு படமும் அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்: எத்தனை டெஸ்ட் நாள், எத்தனை செட் புது டயர், கார் அடிபட்டால் யார் செலவு, அதற்கு உச்ச வரம்பு உண்டா, இன்ஜின் போனால் யார் பொறுப்பு, நடுவில் விலகினால் பணம் திரும்ப வருமா, உங்கள் டேட்டாவையும் கூட ஓடுகிறவர் டேட்டாவையும் பார்க்க அனுமதி உண்டா. ஒரு அணியில் எனக்கு வரம்பு எழுதாமல் விட்டதால், என் மேல் தப்பில்லாத ஒரு மோதலுக்கு மிச்ச சீசனின் பணம் முழுக்கப் போயிற்று. வாய்வார்த்தையாகச் சொன்னதை எழுத்தில் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஆபத்து உண்டு. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி ஃபார்முலா ஒன்னில் 2003ல் கட்டாயமானது, தலைக்கு மேல் வளையமாக வரும் ஹேலோ 2018ல். அந்த ஹேலோ இல்லாவிட்டால் 2020 பஹ்ரைனில் தடுப்பைப் பிளந்து தீக்குள் போன ரொமான் க்ரோஜான் தானாக எழுந்து வெளியே வந்திருக்க முடியாது. 28 நொடி அவர் நெருப்பில் இருந்தார். உங்கள் மட்டத்தில் செய்ய வேண்டியது: சீட் பட்டையை இன்னொருவரை வைத்து இறுக்குங்கள், காரை விட்டு வெளியே வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள், அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றுங்கள். தலையில் அடிபட்டுக் குமட்டலோ மயக்கமோ இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அடுத்த ரேஸ் போனால் போகட்டும்.

பெற்றோருக்கு ஒன்று. படிப்பை நிறுத்தாதீர்கள், கணக்கும் இயற்பியலும் படித்த டிரைவருக்கு டேட்டா சீக்கிரம் புரிகிறது, சிமுலேட்டர் டிரைவர், டெஸ்ட் டிரைவர், பயிற்சியாளர் வேலைகளுக்கும் அது கை கொடுக்கும். ஆந்தனி டேவிட்சன் மெர்சிடிஸுக்கு வருஷக்கணக்கில் சிமுலேட்டர் டிரைவராக இருந்தவர், அந்த அணி வாங்கிய பட்டங்களில் அவர் உழைப்பும் இருக்கிறது. ரேஸ் முடிந்து வருகிற பிள்ளையிடம் ஏன் அங்கே முந்தவிட்டாய் என்று ஹெல்மெட் கழற்றும் முன்பே ஆரம்பிக்கிற அப்பாக்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். தண்ணீரைக் கொடுங்கள், கையுறையை வாங்கிக் காய வையுங்கள், அரை மணி நேரம் விடுங்கள். நான் பயிற்சி கொடுக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த அரை மணி நேரத்துக்குள் தாங்களே வந்து, நாலாவது வளைவில் பிரேக்கைச் சீக்கிரம் விட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுகிறார்கள்.